கர்னலின் சுண்டுவிரல்

ஈ மூக்கில்தான் வந்து உட்காரும் என்பது பொன்னுரங்கத்துக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரிந்த சங்கதி. பக்கத்து முக்காலியில் ஆளிவிதை எண்ணெய்க் கிண்ணம் திறந்து கிடக்கிறது, அதில் விழுந்து சாகலாம். ஜன்னலுக்கு வெளியே தோட்டம் முழுக்க மாம்பழம் அழுகிக் கிடக்கிறது, அங்கே போய் விருந்து சாப்பிடலாம். ஆனால் செத்துப்போன ஒரு கர்னலின் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வலது கையை வாள்பிடியின்மேல் வைத்துக்கொண்டு, ஒருத்தன் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவன் மூக்கு நுனிதான் அதற்கு வேண்டும். வந்துவிட்டது. வா, உட்கார், நல்லாயிரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். தஞ்சாவூரில் ஒரு திவானின் படத்துக்காகப் பட்டு அங்கி போட்டு நின்றபோது ஒரு ஈ விடிந்ததிலிருந்து உச்சிவரை மூக்கைவிட்டு நகரவில்லை, படம் முடிகிற நேரத்தில் அதன் குடும்ப சமாச்சாரம் முழுக்க இவருக்குத் தெரிந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறார். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் ஒரு தும்மல் தும்மி, கர்னலுக்கு ஜலதோஷம் தொரை என்று எழுந்து காலை உதறியிருப்பார். இன்றைக்கு முடியாது. இன்றைக்கு வலது கைச் சுண்டுவிரலை ஒரு மூங்கில் சிம்பில் கிடத்தி வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. நரம்பு சுருங்கி உள்பக்கமாகக் கதிரரிவாள் மாதிரி வளைந்துபோன விரல் அது. இழுத்துப் பிடித்தால் நிமிரும், விட்டால் பழைய இடத்துக்கு ஓடிவிடும். காலையில் பெண்சாதி பச்சையம்மா நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டபோது, வலிக்குதாய்யா என்று கேட்டாள். பழக்கமில்லாம நேரா நிக்கிறவனுக்கு வலிக்காம இருக்குமா என்றார். உனக்கா விரலுக்கா என்றாள் அவள். கோட்டையில் பகல் பன்னிரண்டுக்குக் குண்டு போடுவார்கள். அந்தச் சத்தத்தோடு பென்ரோஸ் துரைசானியின் வண்டி வாசலுக்கு வந்துவிடும். அதற்குள் படம் எழுதுகிற கித்தானில் கர்னல் பென்ரோஸின் சுண்டுவிரல் நேராகியிருக்க வேண்டும். இல்லையென்றால் எதிரே, கித்தானுக்குப் பின்னால் பாதி மறைந்து, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு தூரிகை பிடித்து நிற்கிறாரே டெலனி துரை, அவர் கதை அத்தோடு முடிந்தது.

கர்னலின் பெண்சாதி, அந்த அம்மாள், போன வாரம் வந்தாள். படத்தைத் துணி சுற்றி வண்டியில் போட்டுக் கொண்டுவந்து, இதே அறையில் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, இந்தக் கையை எனக்குத் தெரியாது என்றாள். இந்தக் கையை எனக்குத் தெரியாது. அவர்கள் பாஷையில்தான் சொன்னாள், ஆனால் இருபத்தாறு வருஷம் அந்தப் பாஷைக்கு நடுவில் பொம்மையாக நின்றவருக்கு அவ்வளவு புரியாதா. அப்புறம் டெலனி துரையின் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்து, உமக்குக் கண் தெரிகிறதா என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் பொன்னுரங்கத்தின்மேல் ஒரு வாரமாக ஈரத்துணி மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. ஏனென்றால் துரைக்குக் கண் தெரியவில்லை. ஜன்னலும் தெரியும், கதவும் தெரியும், ஆளா தூணா என்று தெரியும், வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பது எவனைவிடவும் நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு முழத்துக்கு அப்பால் இருக்கிற விரல் எத்தனை என்று இரண்டு வருஷமாகத் தெரியாது. இது இந்த வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த சேதி, அதில் ஒருத்தி சமையல் செய்கிறாள். முகம் வரைய வருகிறவர்களிடம் துரை ஒரு சாண் தூரத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுபோய் மூக்கோடு மூக்கு உரசிப் பார்ப்பார். அதற்கு ஒரு கதை வேண்டாமா. துரையின் ஊரான அயர்லாந்தில் அப்படித்தான், ராசி பார்த்துத்தான் முகம் எழுதுவார்கள், வாசனை பிடிக்காமல் தூரிகையைத் தொட்டால் படம் நாலு வருஷத்தில் வெளுத்துவிடும் என்று பொன்னுரங்கம் ஒரு கலெக்டரிடம் சொன்னார். கலெக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்ணப் பலகையில் வெள்ளை எங்கே, காவி எங்கே, கரி எங்கே என்று ஒரு நாளும் மாறாமல் வைத்துக் கொடுப்பது பொன்னுரங்கம். தூரிகை வழி தவறினால் பின்னால் நின்று இருமுவதும் பொன்னுரங்கம். ஒரு இருமல் என்றால் இடது, இரண்டு என்றால் போதும் நிறுத்து. ஆனால் உடுப்பை மாட்டி இவரே உட்கார்ந்துவிட்டால் கித்தானின் முதுகுதான் தெரியும், எங்கே இருமுவது. கண் போனது வெளியே தெரிந்தால் ஒருத்தன் வந்து உட்காரமாட்டான். கோட்டையில் இருக்கிறவர்கள் இரக்கப்பட்டுக் கப்பலேற்றி அனுப்புவார்கள், அந்த இரக்கம் இருக்கிறதே, அதைவிடப் பிரம்பு மேல். ஆறு மாசக் கடல். அந்தப் பக்கம் இறங்கினால் யார் இருக்கிறார்கள். மழை இருக்கிறது. துரையே சொல்லியிருக்கிறார், அந்த ஊரில் மூன்று வாரம் துணி காயாது, அடுப்புக்கு மேல் கயிறு கட்டிப் போட்டு மீன் நாற்றத்தோடு உடுத்திக்கொள்வார்கள் என்று. துணி காயாத ஊர். அதைக் கேட்ட நாளிலிருந்து வெயிலைப் பார்த்தால் பொன்னுரங்கத்துக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். இப்போதும் ஜன்னல் வழியாக முழங்கால்மேல் ஒரு கை அகலத்துக்கு விழுந்திருக்கிறது. நல்லாயிரு.

கோட்டு கனக்கிறது. அக்குளில் ஒட்டுப் போட்டிருக்கிறது, சீமைத் தையல் இல்லை, வீட்டில் போட்டது, சின்னச் சின்னத் தையல். இந்தக் கர்னல் வலது கையை அதிகம் வீசிப் பேசியிருக்கிறான். கழுத்துப் பட்டையில் தாடை உரசின தேய்மானம் இடது பக்கம்தான், யாரோ எப்போதும் அவன் இடது பக்கமே நடந்து வந்திருக்கிறார்கள், திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறான். சட்டையைக் கையில் கொடுத்தால் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பொன்னுரங்கம் அடிக்கும் பெருமையில் இது ஒன்றுதான் பொய்யில்லாதது. சலவைத் தொழில் சும்மாவா. வெள்ளாவிப் பானை ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியும் தன் எஜமானைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். டெலனி துரையின் நீலக் கோட்டும் அப்படித்தான் சொன்னது. கப்பலிலிருந்து இறங்கி நாலு நாள்கூட ஆகாத ஆள், துவைக்கப் போட்ட மூட்டையில் அந்தக் கோட்டு. முழங்கையில் பதினெட்டு நிறம். பொத்தான் ஒன்றுக்கொன்று சேராது. இது பெரிய மனுஷன் கோட்டு இல்லை, ஆனால் இதைப் போட்டவன் நிறைய சிரித்திருக்கிறான், வயிற்றுப் பக்கம் தையல் விட்டிருந்தது. துவைத்து, கஞ்சி போட்டு, காயவைத்து, கொண்டுபோய்க் கொடுக்கிற வழியில் ஒரு எட்டுப் போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டார். துவைக்கிற துறையில் எல்லோரும் செய்வதுதான். ஊரார் உடுப்பை ஒரு பொழுது உடுத்திப் பார்க்காத சலவைக்காரன் உண்டா. ஆனால் மற்றவர்கள் சந்துக்குள் போட்டுக்கொண்டு சிரிப்பார்கள். இவர் பவழக்காரத் தெருவில் நட்ட நடுவில், நெஞ்சை நிமிர்த்தி, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். இரண்டு பேர் சலாம் போட்டார்கள். மூன்றாவதாக எதிரே வந்தவன் கோட்டுக்குச் சொந்தக்காரன்.

அந்த இடத்தில் நினைப்பு எப்போதும் ஒரு நிமிஷம் நின்றுவிடும். பெரிய துறைச் சலவைக்காரன் சின்னையன் ஒரு கப்பல்காரனின் சட்டையைப் போட்டு மாட்டிக்கொண்டு வாங்கின அடியில் ஒரு காது கேட்காமல் போனது. பொன்னுரங்கம் அங்கேயே, அந்தத் தெருவிலேயே, கோட்டைக் கழற்றக் கை வராமல் நின்றார். சிவந்த தலைமயிரும், வெயிலில் வெந்த மூக்குமாக அந்த வெள்ளைக்காரன் இவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். தாடையைத் தொட்டு ஒரு பக்கமாகத் திருப்பினான். இடுப்பில் இருந்த கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தான். அப்புறம் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் ஒன்றைச் சொன்னான். நில். அவ்வளவுதான். இன்னும் அந்த வார்த்தை முடியவில்லை, அதே நில்லில்தான் இருபத்தாறு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறார். பெரிய துரைமார் முகத்துக்கு மட்டும்தான் உட்காருவார்கள், ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு. அப்புறம் உடுப்பை மட்டும் அனுப்பிவிடுவார்கள். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நாள்கணக்கில் அசையாமல் இருக்க ஒரு உடம்பு வேண்டும். பொன்னுரங்கம் ஜெனரலாக இருந்திருக்கிறார், நீதிபதியாக இருந்திருக்கிறார், திருச்சினாப்பள்ளியில் பாதிரியாராக இருந்தபோது பச்சையம்மா சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, சாமி, ஆசீர்வாதம் பண்ணிட்டுச் சாப்பிடுங்க என்றாள். ஒரு தடவை ஒரு நீதிபதியின் பெண்சாதியாகவும் இருந்திருக்கிறார். அந்தப் பாவாடைக்குள் காற்று வந்த சுகத்தை யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை பெரிய மனுஷர்களுக்கும் தலை அவரவர் தலை, கை மட்டும் இவர் கை. ஊரார் துணியெல்லாம் நான் வெளுத்தேன், என் கையை வெளுத்தது நீதான் தொரை என்பார். அடிக்க ஓங்க வேண்டிய கை தாடையைத் தொட்டுத் திருப்பியது. இதற்கு என்ன கைம்மாறு செய்வது. வலிக்கிறது விரல். வலிக்கட்டும்.

துரை எதற்காக அடிக்கவில்லை என்று பலநாள் யோசித்திருக்கிறார். கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை வரும். துரையின் வாழ்க்கையே அப்படித்தான், பிடித்துப் பார்த்தால் பாதி கையோடு வரும். பதினாலு வயசில் சாராயக் கடைப் பலகை ஒன்றில் சிவப்புப் பசு எழுதினாராம், அதைப் பார்த்துப் பக்கத்துப் பண்ணைக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கடைக் கதவை முட்டித் திறந்ததாம். முதுகில் கித்தான் சுருளோடு ஊர் ஊராக நடந்து, கல்யாணப் பெண்களின் முகத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டாராம், ஒரே மாசத்தில் இருபத்திரண்டு கல்யாணம். ஒரு பிரபுவின் பெண்சாதியை எழுதும்போது இல்லாத மருவை ரசித்துப் போட்டுவிட்டு, பின்கட்டு வழியாக ஓடினாராம். புயலில் கப்பல் தலைகீழாக ஆடும்போது தளத்தில் நின்று கப்பல் தலைவனை எழுதினாராம், அதனால் அந்தப் படத்தில் கடல் மேலேயும் வானம் கீழேயும் இருக்குமாம். பொன்னுரங்கம் இதற்கெல்லாம் சளைத்தவரா. சுண்டுவிரல் எப்படி வளைந்தது என்று துரை கேட்கும்போதெல்லாம் ஒரு கதை கொடுத்தார். முதலில் கூவத்து முதலை. அப்புறம் ஒரு நவாபின் யானை அதை மோதிரம் என்று நினைத்து இழுத்தது. அப்புறம் பிறக்கும்போதே அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. ஒன்பது வயசில் துவைக்கிற கல்லை நகர்த்தும்போது அடியில் மாட்டிக்கொண்டது என்கிற நிஜத்தைப் பச்சையம்மாவிடம் மட்டும்தான் சொன்னார், அவள் நம்பவில்லை. துரை ஒரே ஒரு தடவை, தஞ்சாவூர் சத்திரத்தில் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது, கதை இல்லாத குரலில் ஒன்று சொன்னார். என் அம்மா ஊரார் துணி துவைச்சவ மச்சான். ஞாயித்துக்கிழமை கோவிலுக்கு யார் யாரோ சட்டையப் போட்டுத்தான் எங்களைக் கூட்டிட்டுப் போவா. அது காய்ச்சல் பேச்சோ, புளுகோ, நிஜமோ. திருப்பிக் கேட்கவில்லை. சில துணியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

மச்சான். அதுவும் ஒரு கூத்து. துரை தமிழ் கற்றுக்கொண்டது துவைக்கிற துறையில். அங்கே எல்லோரும் பொன்னுரங்கத்தை மச்சான் மச்சான் என்று கூப்பிட்டதைக் கேட்டு அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டார். திருத்தலாம் என்று பொன்னுரங்கம் நினைப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிப்போனது. கலெக்டர் கச்சேரியில், ஜமீன் தர்பாரில், எல்லார் முன்னாலும் மச்சான் அந்தக் காவியை எடு என்பார், மொழிபெயர்க்க நிற்கிற துபாஷிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பச்சையம்மாதான் ஒரு நாள் கணக்காகக் கேட்டாள். நீ அவருக்கு மச்சான்னா நான் அவருக்குத் தங்கச்சியாய்யா. ஆமாம் போலிருக்கு என்றார். அப்ப பொங்கச் சீர் எங்க என்றாள். இதை அப்படியே துரையிடம் சொன்னார் பொன்னுரங்கம், வேடிக்கைக்குத்தான். அந்த வருஷம் பொங்கலன்று காலையில் துரை தலையில் மஞ்சள்கொத்தும் கையில் சேலையுமாக வண்ணாரப்பேட்டைச் சந்துக்குள் நுழைந்தார், பின்னால் ஒரு பேட்டையே வந்தது. ஒரு பொங்கல் தவறவில்லை. இரண்டு வருஷமாகச் சேலையின் நிறத்தைப் பொன்னுரங்கத்திடம் கேட்டுக்கொண்டுதான் கொடுக்கிறார், தங்கச்சி, இந்த வருஷம் கத்திரிப்பூ நிறம் என்று. அவளும் ஆமாண்ணே, அருமையான கத்திரிப்பூ என்கிறாள்.

ஆனால் விரல். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து மாட்டுகிறது. முதல் படத்தில், ஒரு கோட்டை அதிகாரியின் கையில், கோணல் சுண்டுவிரல் அப்படியே இருந்தது. ஐயோ தொரை, இதை நேராக்கு, அவர் விரல் நல்லாத்தானே இருக்கு என்றார் பொன்னுரங்கம். துரை தன் சட்டைக் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே சேங்கொட்டை மையில் சின்னதாக மூன்று புள்ளியும் ஒரு கோடும், பொன்னுரங்கம் போட்ட சலவைக் குறி. நீ என் சட்டையில உன் குறி போட்டே. நான் என் படத்தில உன் குறி போடறேன். சரியாப் போச்சு. இதுவரை நாற்பத்தொரு படம். ஒருத்தன்கூடக் கண்டுபிடிக்கவில்லை, எல்லோரும் தங்கள் மூக்கைத்தான் பார்ப்பார்கள். சீமையில் எத்தனையோ மாளிகையில், ஏணி வைத்துத் துடைக்கிற உயரத்தில், யார் யாரோ பெயரில் பொன்னுரங்கத்தின் சுண்டுவிரல் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதைத் துறையில் சொன்னால் எவனும் நம்புவதில்லை. இவர் சொன்னதிலேயே பெரிய புளுகு இதுதான் என்று பரிசு கொடுத்தார்கள். நாற்பத்திரண்டாவது படத்தில் ஒரு பொம்பளை வந்து, இந்தக் கையை எனக்குத் தெரியாது என்கிறாள். நேற்று மத்தியானம் துரை ஒரு கத்தியை எடுத்து அந்தக் கையைச் சுரண்டினார். பொன்னுரங்கம் பக்கத்தில் நின்று, இன்னும் கீழே, இன்னும் கொஞ்சம், என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கத்தி சுண்டுவிரலுக்கு வந்தபோது தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். என்ன ஆங்காரம் அந்த அம்மாளுக்கு. செத்த மனுஷனுக்கு முகம் அச்சாக வந்திருக்கிறது, மூன்று தடவை உட்கார்ந்துவிட்டுப் பாளையத்துக்குப் போனவன் காய்ச்சலோடு வீடு திரும்பிக் கண்ணை மூடிவிட்டான், முகமாவது மிஞ்சியதே என்று இருக்க வேண்டாமா. ஒரு விரலில் என்ன இருக்கிறது. ஒரு விரலில் என்ன இருக்கிறது என்று பொன்னுரங்கமா கேட்பது.

ஈ மூக்கிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது. கித்தானுக்குப் பின்னால் தூரிகையின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது, துணியை ஈரக் கையால் தடவுகிற மாதிரி ஒரு சத்தம். துரை ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தார். வேலை நன்றாகப் போனால்தான் அந்தப் பாட்டு வரும். வருகிறது. நல்லது. திருவொற்றியூர்த் தேருக்குப் போனது ஏனோ ஞாபகத்துக்கு வந்தது, கல்யாணமான மறுவருஷம். நெரிசலில் இவர் ஒரு பக்கம் தள்ளப்பட்டார், பச்சையம்மா ஒரு பக்கம். அவள் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவி, கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தாள். அப்புறம் தீ சுட்ட மாதிரி உதறினாள். பிடிபட்டவன் யாரோ ஒரு செட்டியார் வீட்டுக் கணக்கன், அவனுக்கு முகம் வெளுத்துப்போனது. எப்படிடீ முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடிச்சே என்று வீட்டுக்கு வந்து கேட்டார். சுண்டுவிரலு நேரா இருந்திச்சு, அது நம்ம ஆளு கையில்ல, என்றாள். இதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். கணக்கன் முகத்தை நடித்தே காட்டுவார். இன்றைக்குச் சிரிப்பு பாதி வழியில் நின்றது. அது நம்ம ஆளு கையில்ல. இந்தக் கையை எனக்குத் தெரியாது. அக்குளில் இருந்த சின்னச் சின்னத் தையல் குத்திற்று. இடது பக்கமே நடந்து வந்தவள். ஊசியில் நூலைக் கோர்த்து இந்தக் கோட்டைத் தைத்தவள். காய்ச்சலில் அந்தக் கையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்திருப்பாள், எத்தனை நாளோ, ஒவ்வொரு விரலாக. அவளுக்கு ஆங்காரம் இல்லை. அவள் கூட்டத்தில் கையைப் பின்னால் நீட்டித் துழாவுகிறாள், கிடைத்தது பொன்னுரங்கத்தின் கை. குறி எதற்குப் போடுகிறோம். துணி வீடு மாறிப் போகாமல் இருக்கத்தானே. மூட்டையில் இருநூறு துணி இருந்தாலும் அவரவர் துணி அவரவர் வீடு போய்ச் சேர வேண்டும், அதற்குத்தானே சேங்கொட்டை மை. இவர் குறி போட்டுப் போட்டு, ஒரு கர்னலின் கையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடப் பாவி பொன்னுரங்கம். நேராக்கு தொரை, நல்லா நேராக்கு, என்று வாய்க்குள்ளேயே சொன்னார். விரலை மூங்கிலோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

குண்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ஈ போய்விட்டது.

"முடிஞ்சுது மச்சான்," என்றார் டெலனி துரை. தூரிகையைத் துணியில் துடைத்தார், முகமெல்லாம் வேர்வை. "வந்து பாரு. நூறு வருஷமானாலும் இப்படி ஒரு கை எழுதமாட்டேன். என் கை தானாப் போச்சு, தெரியுமா. யோசிக்கவே இல்ல."

பொன்னுரங்கம் எழுந்து, மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு கித்தானைச் சுற்றி வந்து பார்த்தார். துரை சொன்னது சரிதான். அப்படி ஒரு கையை அவர் எழுதினதே இல்லை. நரம்பு ஓடியது, வாள்பிடியின் குளிர் உள்ளங்கையில் தெரிந்தது, நகத்தில் ஜன்னல் வெளிச்சம். சுண்டுவிரல் கதிரரிவாள் மாதிரி அழகாக உள்பக்கம் வளைந்திருந்தது. நாற்பத்தொரு படத்திலும் இவ்வளவு கச்சிதமாக வளைந்ததில்லை. காலையிலிருந்து மூங்கிலில் கட்டி நிமிர்த்தி வைத்திருந்த விரலைத் துரை பார்க்கவே இல்லை. பார்க்கக் கண் இல்லை. கை மட்டும் இருபத்தாறு வருஷப் பாதையில் தானாகப் போய், தெரிந்த வளைவில் தானாகத் திரும்பியிருக்கிறது.

"நேரா இருக்கா?" துரை தலையைச் சாய்த்துக் கேட்டார். குரலில் ஒரு சின்னப் பயம் இருந்தது.

கீழே வண்டிச் சக்கரம் சரளைக் கல்லில் அரைபட்டு நின்றது.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு தொரை," என்றார் பொன்னுரங்கம். "நீ போய் வாசப்படியில நின்னு அந்த அம்மாவைக் கூட்டிட்டு வா. மொகத்தைத் துடைச்சுக்கோ. பதினாலு படி, ஏழாவதுல மூலை ஒடைஞ்சிருக்கு."

"எனக்குத் தெரியாதா என் வீட்டுப் படி," என்று துரை சுவரைத் தடவிக்கொண்டு போனார்.

பல்லால் நூலைக் கடித்து அறுத்தார் பொன்னுரங்கம். சிம்பு கீழே விழுந்தது, விரல் பழையபடி வளைந்துகொண்டது. தூரிகையை எடுத்தார், வைத்துவிட்டார். இருபத்தாறு வருஷம் வண்ணம் அரைத்துக் கொடுத்த கைக்குக் கலவை தெரியும், தூரிகை பிடிக்கத் தெரியாது. படியில் துரைசானியின் பாவாடை சரசரத்தது, ஒன்று, இரண்டு. வெள்ளையும் கொஞ்சம் காவியும் எடுத்துக் கட்டைவிரலால் பலகையில் குழைத்தார். துவைக்கிற கல்லில் முதல் துணியை அடிக்கும் முன் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். கித்தான் சட்டத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். பிறகு தன் கோணல் சுண்டுவிரலை ஈர வண்ணத்தில் இருந்த கோணல் சுண்டுவிரலின்மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. ஒரு மூச்சு அப்படியே வைத்திருந்தார். அப்புறம் சேலையில் சுருக்கம் எடுக்கிற மாதிரி, அடியிலிருந்து நுனிக்கு, ஒரே இழுப்பாக இழுத்து நீவினார். விரல் நிமிர்ந்தது. வளைவு இருந்த இடத்தில் வாள்பிடியின் கறுப்பைக் கட்டைவிரலால் தடவி மூடினார். நகத்துக்கு ஒரு பொட்டு வெள்ளை. பதினாலாவது படி. கையைக் கோட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

துரைசானி முகத்தைப் பார்க்கவில்லை, நேரே கைக்குப் போனாள். வெகு நேரம் நின்றாள். டெலனி துரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவள் வலது கை உறையைக் கழற்றி, ஈரத்தில் படாமல், படத்திலிருந்த கைக்கு மேலே தன் கையைக் கொண்டுபோய் வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். கடைசி விரல்வரை வந்தாள். "இதுதான்," என்றாள். உமக்குக் கண் தெரிகிறதா என்று மறுபடி கேட்கவில்லை. திரும்பிப் போகும் வழியில் சுவரோரம் அந்தக் கோட்டைப் போட்டு நிற்கிற ஆளைப் பார்த்தாள். மூன்றாவது பொத்தான் போடாமல் இருந்தது. கிட்டே வந்து, ஏதோ நினைவாக, அதைப் போட்டுவிட்டாள். கழுத்துப் பட்டையை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்தாள். பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். பொன்னுரங்கம் அசையவில்லை. அசையாமல் இருப்பதுதானே அவர் தொழில். அவள் உறையைக் கையில் பிடித்தபடியே படியிறங்கிப் போனாள்.

வண்டிச் சத்தம் தோட்டத்தைத் தாண்டியது. கீழே பச்சையம்மா மீன் குழம்பு தாளித்தாள், வாசனை படியேறி வந்தது. நல்லாயிரு பச்சையம்மா.

"சாப்பிடப் போலாம் மச்சான்," என்று துரை கையை நீட்டினார், இரண்டு வருஷமாக நீட்டுகிற மாதிரி. யோசிக்காமல் பொன்னுரங்கமும் கையைக் கொடுத்தார்.

நாலு படி இறங்கினார்கள். துரை நின்றார். அவருடைய கட்டைவிரல் பொன்னுரங்கத்தின் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டு போனது, அடியிலிருந்து நுனிக்கு, அங்கிருந்து திரும்பி அடிக்கு. பிசுபிசுத்தது. கையை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். ஆளிவிதை எண்ணெய்.

பொன்னுரங்கம் ஒரு கதை தேடினார். முதலை வரவில்லை, யானை வரவில்லை.

துரை கையை விடவில்லை. "கோணலாவா போட்டுட்டேன்?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்திச்சு தொரை. அதான் கஷ்டமாப் போச்சு."

துரை சிரிக்க ஆரம்பித்தார், முதலில் சத்தமில்லாமல், பிறகு வயிறு குலுங்க, அந்த நீலக் கோட்டின் தையல் விட்டுப்போனது எப்படி என்று தெரிகிற சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் நாலு படி இறங்கினார்கள். ஏழாவதின் உடைந்த மூலையை இருவரும் சேர்ந்து தாண்டினார்கள்.

"இனிமே மொகத்தை நான் பாத்துக்கறேன். கிட்டப் போய் மோந்து பாத்து எழுதிடுவேன்," என்றார் துரை. "கையை நீ போட்டுடு."

"நான் கையப் போட்டா அப்புறம் கோட்டை யாரு போடறது?"

"வண்ணாரப்பேட்டைக்குப் போய்ப் பாரு மச்சான். அடுத்தவன் கோட்டை மாட்டிக்கிட்டு எவன் நடுத் தெருவில நெஞ்சை நிமித்திட்டு வரானோ, அவன்கிட்டச் சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"நில்லுன்னு," என்றார் டெலனி துரை.